மூன்று பழைய பாய்மரப் படகுகளும் ஒரு தகரக் கொட்டகையும்

திருவொற்றியூரில் குடியிருக்கும் நானும் எர்ணாவூரில் இருக்கும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, விடுமுறை நாள்களில் நாங்களே சீரமைத்துத் தண்ணீரில் இறக்குவது என்று முடிவு செய்து ஓராண்டுக்கு மேலாகிறது. இந்த ஓராண்டில் மூன்று படகுகள் எங்கள் பார்வைக்கு வந்தன. முதலாவது, 24 அடி நீளமுள்ள ஃபைபர் படகு; அடியில் இரும்புக் கீல், அதாவது படகு கவிழாதபடி நீருக்குள் நீண்டு நிற்கும் கனத்த தகடு, பொருத்தியது, உள்ளே நால்வர் உட்காரும் அறை கொண்டது. இரண்டாவது, பழவேற்காட்டுப் பக்கம் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்த 22 அடிப் பலகைப் படகு. ஒரு காலத்தில் பாய் விரித்து ஏரியில் ஓடியது. மூன்றாவது, பிளைவுட்டால் செய்த, இருவர் ஓட்டும் சிறு பந்தயப் படகு. எண்டர்பிரைஸ் என்னும் வகையைச் சேர்ந்தது, நீளம் 13 அடிக்குச் சற்றே கூடுதல்.

மூன்றுக்கும் சொன்ன விலையில் பெரிய வேறுபாடு இல்லை. விலையை அளவுகோலாக வைத்துக்கொள்ள வழியில்லாமல் போனது ஒருவகையில் நல்லதாயிற்று. பழைய படகுக்கு முதலில் கொடுக்கும் தொகை முன்பணம் போன்றது. மீதியை ரெசின் என்னும் பிசினுக்கும் மரத்துக்கும் போல்ட்டுக்கும் பாய்த்துணிக்கும் ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே, படகு எந்த நீரில் ஓடப்போகிறது, சீரமைக்கும் காலத்தில் எங்கே நிற்கப்போகிறது, அதன் கோளாறு எங்கள் கைக்கு அடங்குமா, எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அது கேட்கும் என்பவற்றை வைத்தே ஒப்பிட்டோம். இவற்றுள் முதல் இரண்டுக்கும் விடை தெரியாமல் படகைப் பார்க்கப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் அப்படிப் போனதால்தான் முதல் படகின் மீது மூன்று மாதம் ஆசை வைத்துக் காத்திருந்தோம்.

நீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டுத் துறையில் விசைப்படகுகளே ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. பொழுதுபோக்குப் படகுக்கு அங்கே இடம் கேட்பது முறையாகாது. சென்னைத் துறைமுகத்துக்குள் நிறுத்த வேண்டுமானால் அங்குள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கிளப்பை 1911-ல் தொடங்கிவைத்தவர் அப்போது துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த ஆண்டு அதே துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜனுக்குத் துணை நின்றவரும் அவரே என்பதால் எனக்கு அந்த இடத்தின் மீது தனி மரியாதை உண்டு. ஆனால் கிளப்புக்கான செலவு மாதந்தோறும் தொடர்வது. எங்களைப் போன்றவர்களுக்கு எட்டும் நீர் எண்ணூர் முகத்துவாரமும், கொசஸ்தலையாற்றின் கீழ்ப்பகுதியும், அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரியும்தான். இவை எல்லாம் ஆழமற்றவை. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, படகு ஓடிய பல இடங்கள் இன்று இடுப்பளவு நீருக்கும் குறைவாகிவிட்டன. முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் வாருவதற்காகக் காத்திருக்க வேண்டும்.

பக்கிங்காம் கால்வாயின் முதல் பகுதி 1806-ல் வெட்டப்பட்டது. அது சென்னையிலிருந்து எண்ணூர் வரை செல்லும் இந்த வடபகுதியே. பின்னர் பழவேற்காடு வரை நீண்ட அந்தக் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றி, காற்று இருந்தால் பாய் விரித்தும் இல்லாவிட்டால் கழி ஊன்றியும் வந்த படகுகள் யாவும் அடி தட்டையானவை. இந்தப் பகுதியின் நீர் அன்று முதல் அத்தகைய படகுக்கே ஏற்றதாக இருந்து வந்திருக்கிறது. 24 அடி ஃபைபர் படகை இதோடு வைத்துப் பார்த்தால் சிக்கல் உடனே விளங்கும். அதே அளவில் 1977 முதல் விற்பனைக்குக் கட்டப்பட்டு உலகெங்கும் பரவிய ஜே/24 வகைப் படகு நீர்மட்டத்துக்குக் கீழே 1.22 மீட்டர் வரை இறங்குகிறது, ஏறத்தாழ 1,400 கிலோ எடையுள்ளது. எங்கள் முன்னால் நின்ற படகும் ஏறத்தாழ அப்படித்தான். அதை எண்ணூரில் இறக்கினால் முதல் திருப்பத்திலேயே கீல் சேற்றில் ஊன்றிவிடும். பிளைவுட் படகோ, கீலுக்குப் பதிலாக அடியில் இறக்கும் நடுப்பலகையை மேலே தூக்கிக்கொண்டால் ஒரு சாண் நீரில் மிதக்கும். பழவேற்காட்டுப் பலகைப் படகுக்கு இந்தக் கவலையே இல்லை. அது அந்த நீருக்கென்றே கட்டப்பட்டது.

அடுத்தது நிற்கும் இடம். எர்ணாவூரில் மைத்துனரின் வீட்டுக்குப் பின்னால் 18 அடிக்கு 10 அடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. எங்களிடம் உள்ள நிழல் அவ்வளவுதான். வேலைக்கு ஒதுக்கக்கூடிய நேரத்தையும் உண்மையாகக் கணக்கிட்டோம். ஆண்டுக்கு 52 ஞாயிற்றுக்கிழமைகள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பசையும் ஒட்டாது, பெயின்டும் காயாது என்பதால் அவற்றில் எட்டைக் கழிக்க வேண்டும். திருமணம், காதுகுத்து, ஷிப்ட் மாற்றம் என்று இன்னும் எட்டு. மிஞ்சும் 36 நாள்களில் நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 216 மணி நேரம். எங்கள் மதிப்பீட்டில் பிளைவுட் படகுக்கு 450 மணி நேரம் வேண்டும்; ஃபைபர் படகுக்கு ஏறத்தாழ 2,000 மணி நேரம். பிளைவுட் படகுக்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல், ஃபைபர் படகுக்கு ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல். என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கல்லூரியை முடித்து வேலைக்குப் போன பிறகு படகு தண்ணீரில் இறங்குவதை நான் விரும்பவில்லை.

ஆனாலும் ஃபைபர் படகை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வடசென்னையில் ஃபைபர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்கள் பெரும்பாலும் ஒதுங்கி ஃபைபர் படகுகள் கரையெங்கும் நிறைந்ததால், கண்ணாடியிழை விரிப்பை வெட்டி ரெசினில் நனைத்து உருளையால் காற்றை அழுத்தி வெளியேற்றும் வேலையைக் காசிமேட்டில் இருபது வயது இளைஞர்கூட அழகாகச் செய்கிறார். உடலின் வெளிப்புறத்தில் எத்தனை விரிசல் இருந்தாலும் அது தீராத கோளாறு அன்று. தீராதவை வேறு இடங்களில் இருக்கின்றன. இவ்வகைப் படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா என்னும் மென்மரத்தை வைத்து ஒட்டியது. ஒரே ஒரு திருகாணித் துளை வழியே மழைநீர் இறங்கினாலும் அந்த மென்மரம் உள்ளேயே ஊறி அழுகும். நாங்கள் திருப்புளியின் கைப்பிடியால் தளம் முழுவதையும் சாண் சாணாகத் தட்டிப் பார்த்தோம். நல்ல இடத்தில் ‘டக்’ என்று தெளிவான ஒலி வந்தது. பாய்மரத்தின் அடியிலிருந்து பின்பக்கம் வரை ஈரச் சாக்கைத் தட்டியது போன்ற மந்தமான ஒலிதான். சுண்ணாம்புக் கட்டியால் அந்த எல்லையைக் கோடிட்டுப் பார்த்தபோது தளத்தின் பாதிக்கு மேல் கோட்டுக்குள் இருந்தது. அவ்வளவையும் அறுத்துத் திறந்து, கறுத்த கூழைச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, புது நடுப்பொருள் வைத்து மேலே மீண்டும் ஃபைபர் போட வேண்டும்.

இரும்புக் கீலைப் படகோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கீலை இறக்காமல் முழுதாகப் பார்க்க முடியாது. இறக்குவதற்குக் கிரேன் வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பொருந்தும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் காற்று படாத ஈரத்தில் அரித்துப்போகும். வெளியே பளபளப்பாக இருக்கும் தகடு உள்ளே பாதி தின்னப்பட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் விட எங்களைத் தடுத்தது அக்கம்பக்கம். எர்ணாவூரில் எங்கள் கொட்டகைச் சுவரும் பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரும் ஒன்றே. பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் நாற்றமும், ஃபைபரைத் தேய்க்கும்போது பறந்து தோலில் குத்தி அரிக்கும் தூளும் ஒன்பது ஆண்டுகள் அந்த வீட்டுக்குள் போவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஃபைபர் வேலையைத் தாமே செய்ய விரும்புவோருக்கு ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: ரெசினை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும், அதைக் கெட்டியாக்கும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, அது வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு புட்டிகளையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

பலகைப் படகைப் பற்றி எழுதும்போது என் பற்று எங்கே இருக்கிறது என்பதை மறைக்க நான் முயலவில்லை. துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணி இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்ததால் அலை மோதும்போது வளைந்து கொடுத்தன. அதே தைப்பு முறையில் கட்டிய ஐஎன்எஸ்வி கௌண்டின்யா என்னும் பாய்மரக் கப்பல் 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டபோது நாளிதழை மைத்துனர் பத்திரமாக எடுத்து வைத்தார். நாங்கள் பார்த்த படகு தைத்தது அன்று, ஆணி அடித்தது. ஆயினும் அதன் அணியத்தின், அதாவது முன்முனையின், வளைவைக் கையால் தடவிப் பார்த்தபோது, கட்டியவர் வரைபடம் எதுவும் இன்றிக் கண் அளவிலேயே அதைச் செதுக்கியிருக்கிறார் என்பது புரிந்தது.

எங்களோடு வந்த மூத்த ஆசாரி, சாக்குத் தைக்கும் கோணி ஊசி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு பலகையிலும் குத்திக்கொண்டே போனார். மேற்பலகைகளில் ஊசிமுனை நின்றது. நீர்மட்டத்துக்குக் கீழே அடிப்பலகையில் இரண்டு அங்குலம் அழுத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. “ஊசி இறங்கிடுச்சுன்னா அந்தப் பலகை போச்சு தம்பி. வெளில பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள பூரா புழு குழாய் போட்டிருக்கும்” என்றார். கப்பல் புழு எனப்படுவது உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர்; குஞ்சாக இருக்கும்போது ஊசித்துளை அளவில் மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, நீளவாக்கில் துளைத்துக்கொண்டு போகும். வெளியே துளை பெரிதாவதில்லை என்பதால்தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மரத்துக்குக் கடல்நீரில் இருக்கும் பகை இது என்றால், மேலே இருக்கும் பகை மழைநீர். அழுகலை உண்டாக்கும் பூஞ்சை உப்பில் அவ்வளவாகத் தழைப்பதில்லை; நன்னீர் தேங்கும் மூலையில்தான் தழைக்கிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது.

அந்தப் படகில் மூன்று அடிப்பலகைகளும், பலகைகளை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு போன்ற ஆறு வங்குக்கால்களும் மாற்றப்பட வேண்டும் என்பது ஆசாரியின் கணக்கு. வங்குக்காலுக்கு இயல்பாகவே வளைந்த கருவேலங் கிளை போதும். பலகைக்குத் தேக்கோ அயினியோ வேண்டும், அதுவும் 20 அடிக்குமேல் கணுவில்லாமல். வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் அந்த நீளத்துக்கு விலை கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் பேசாமலே பேருந்து ஏறினோம். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசும் கலப்பத்து வேலையைத் தம் கைப்படச் சொல்லித் தருவதாக ஆசாரி ஒப்புக்கொண்டார். திரி போதுமான அளவு இறுகிவிட்டதா என்பதை உளியின் ஒலி மாறுவதைக் கேட்டே அறிய வேண்டுமாம். அந்தக் கல்வி கிடைக்கும் என்பதற்காகவே இந்தப் படகை எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் இவ்வகைப் படகுக்கு ஒரு குணம் உண்டு: நீண்ட நாள் வெயிலில் கரையில் நின்றால் பலகைகள் சுருங்கி இடுக்குகள் வாய் பிளக்கும்; தண்ணீரிலேயே நின்றால் புழு வரும். ஆகவே வாரத்தில் ஒருநாள் மட்டும் வந்து பார்ப்பவரால் இதைக் காக்க முடியாது. ஏரிக்கரையில் வீடும், கூட வேலை செய்ய நாலு பேரும் உள்ளவர்களுக்கே இது உரியது. எங்கள் 18 அடிக் கொட்டகைக்குள் 22 அடிப் படகு நுழையாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி பிளைவுட் படகு. எண்டர்பிரைஸ் வகையை ஜாக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர் 1956-ல் வடிவமைத்தார். வீட்டுக் கொட்டகையில் சாதாரணத் தச்சுக் கருவிகளைக் கொண்டு ஒருவர் தாமே கட்டிக்கொள்ள முடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். நீல நிறப் பாய் அதன் அடையாளம். வெற்று உடலின் எடை 90 கிலோவைச் சற்றே தாண்டும். நான்கு பேர் தூக்கி ஒரு சிறு லாரியில் ஏற்றிவிடலாம். எர்ணாவூரிலிருந்து எண்ணூர் நீர்க்கரைக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். கிரேன் இல்லை, கட்டணம் இல்லை, வேலை முடிந்ததும் மீண்டும் கொட்டகைக்குள் கவிழ்த்து வைத்துவிடலாம். புயல் வரும் ஊரில் இந்த வசதியின் மதிப்பை நான் கூட்டிச் சொல்லவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது கடற்கரையோரம் கட்டி வைத்திருந்த படகுகள் என்ன ஆயின என்பது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழைவெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப்போனதையும் நேரில் பார்த்தோம். தண்ணீரிலேயே நிறுத்தி வைக்க வேண்டிய படகை இந்த நீரை நம்பி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் படகில் கோளாறு இல்லாமல் இல்லை. நடுப்பலகை ஏறி இறங்கும் பெட்டி அடித்தளத்தோடு சேரும் மூட்டில் பசை விட்டிருக்கிறது. பின்பலகையின் கீழ்மூலை இரண்டும் அழுகியிருக்கின்றன. மிதவைக்காக இருபக்கமும் உள்ள காற்றுப்பெட்டிகளின் மூடிகளை யாரோ பல ஆண்டுகளாக இறுக்கியே வைத்திருந்ததால் உள்ளே ஈரம் நின்று ஒரு பக்கத்தின் பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கிறது. பழைய பித்தளைத் திருகாணி ஒன்றைக் கழற்றினேன். மஞ்சளாக இருக்க வேண்டியது செம்பு நிறமாக மாறி, விரலால் அழுத்தியதும் கொழுக்கட்டை மாவு போல உதிர்ந்தது. உப்புநீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டதன் விளைவு அது. எல்லாத் திருகாணிகளையும் உப்புநீரைக் கூடுதலாகத் தாங்கும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்ற வேண்டும். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேட்காமல் வாங்கினால் 304 தரத்தையே எடுத்துக் கொடுப்பார்கள், காந்தத்தை வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால் நம்பகமான கடையில் பில்லோடு வாங்குவதே வழி.

மாற்றுப் பலகைக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்தான் வேண்டும். வீட்டு அலமாரிக்கு விற்கும் ஐஎஸ் 303 பலகை இதற்கு ஆகாது. முத்திரை எல்லாப் பலகையிலும் அடித்திருக்கிறார்கள் என்பதால் ஒரு சாண் துண்டை வாங்கி வந்து, வீட்டில் பழைய அலுமினியப் பாத்திரத்தில் காலை முதல் மாலை வரை கொதிக்க வைத்துப் பார்த்தோம். முதல் கடையின் துண்டு மதியத்துக்குள் விளிம்பில் வாய் விட்டது. இரண்டாவது கடையின் துண்டு மாலையில் எடுத்து முறுக்கியபோதும் பிரியவில்லை. பழைய பலகையோடு புதியதைச் சேர்க்கும்போது நேர் மூட்டு போடக் கூடாது. பலகைத் தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்கு இரு விளிம்பையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர் சரிவு.

ஒட்டுவதற்கு, இரு பொருள்களைக் கலந்து இறுக வைக்கும் எபாக்ஸிப் பசைதான். பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு என்றாலும் இறுகும்போது சுருங்குகிறது, மரத்தைக் கெட்டியாகப் பற்றுவதுமில்லை. எபாக்ஸியில் நாற்றம் குறைவு என்பது எங்கள் பக்கத்து வீட்டாருக்கும் நல்லது. ஆனால் தோலில் படப் பட ஒவ்வாமை வரும்; ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்தப் பொருளை நெருங்கவே முடியாது என்பதால் கையுறை இல்லாமல் ஒரு துளியும் தொடக் கூடாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அது கெட்டியாகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சித்திரை மாதத்து மதியத்தில் ஒரு டம்ளர் அளவு கலந்து சோதித்தபோது, தூரிகையை எடுப்பதற்குள் புகைந்து கல்லாகிவிட்டது. சென்னைக்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரை, அதுவும் காலை வேளை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு போல ஒரு படலம் படியும். அடுத்த பூச்சுக்கு முன் அதை வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும், இல்லையேல் மேற்பூச்சு உரிந்து வரும்.

பழையதை விட்டுவிட்டு அதே வகைப் படகைப் புதிதாகவே கட்டிக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் பெரிய வேறுபாடு வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒருவர் முன்பு செய்த மூட்டைப் பிரித்து, அது எங்கே நின்றது எங்கே தோற்றது என்று பார்த்துக் கற்பது எனக்கு வேண்டியிருக்கிறது. புதிய பலகையில் அது கிடைக்காது.

மைத்துனருக்கு இன்னும் ஒரு குறை. “மாமா, இதுல படுத்துத் தூங்கிட்டு ராத்திரி கடல்ல இருக்க முடியாதே” என்றார். உண்மைதான், உள்ளறை உள்ள படகின் மீது அவர் வைத்திருந்த ஆசைக்கு இந்தப் படகு விடை ஆகாது. கச்சான் என்னும் மேல்காற்று வலுத்தால் முகத்துவாரத்தைத் தாண்டி வெளியே போகவும் இதனால் இயலாது. ஆற்றிலும் ஏரியிலும், காற்று அடங்கிய காலையில் கரையோரத்திலும்தான் ஓட்டலாம். அதைத் தெரிந்துகொண்டேதான் பிளைவுட் படகுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் இதில் கை பழகிய பிறகு பெரிய படகைப் பற்றிப் பேசலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். பழவேற்காட்டுப் படகின் உரிமையாளரிடம், அதன் மேல் போட்டிருக்கும் தார்ப்பாய் பலகையைத் தொடாமல் இருக்க நடுவே ஒரு மூங்கிலைக் கட்டி, இருபுறமும் காற்றுப் போகவிடும்படி கேட்டுக்கொண்டோம். அவர் அன்றே கட்டிவிட்டார்.

படகு தை பிறந்ததும் எர்ணாவூருக்கு வரும். அதற்குள் கொட்டகையின் தரையைச் செங்கல் வைத்து ஒரு சாண் உயர்த்த வேண்டும், கவிழ்த்து வைக்க இரண்டு முட்டுக்கட்டைகள் செய்ய வேண்டும். முதல் வேலையாக, வர்தாவில் ஒருமுறை பறந்துபோன கூரைத் தகரங்களில் இப்போது அடித்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தகரத்துக்கும் கொக்கி போல வளைந்த ஜே போல்ட் மாட்டுகிறோம்.